கமராவை மாற்றுமுன்

பழுதடைந்த பொருளை மாற்றுவதா, வேண்டாமா என்ற வினா எவருக்கும் எழுவதில்லை. குடை கிழிந்தால் புதுக்குடை வாங்குகிறோம்; மண்வெட்டியின் அலகு தேய்ந்தால் வேறொன்று பூட்டுகிறோம். கையிலுள்ள பொருள் செவ்வனே வேலை செய்துகொண்டிருக்க, அதனினும் சிறந்தது எனப்படும் மற்றொன்று கடைக்கு வந்து நிற்கும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. நேற்றுவரை நமக்குப் போதுமாயிருந்தது, இன்று காலை ஒரு விளம்பரத்தைக் கண்டபின் போதாததாகிவிடுகிறது. பொருளில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது நம் மனந்தான்.

இந்த மயக்கம் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடக்கூடிய ஒரு துறையை இன்று உங்களுடன் ஆராய விரும்புகின்றேன். படமெடுப்போர் பலரும் ஆவலோடு நோக்கும் முழுச்சட்டக இலக்கமுறைக் கமராவே அது. ஏற்கெனவே அத்தகைய கமரா ஒன்றை வைத்திருப்பவர், அதனை விடுத்து அண்மையில் வெளிவந்த ஒன்றை வாங்கலாமா என்பதே நம் வினா. இது செல்வர்களின் பொழுதுபோக்கு வினா என்று எண்ணிவிடலாகாது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலைப் பரிசளிப்பு விழா ஆகியவற்றைப் படமெடுத்து அதனால் குடும்பம் நடத்தும் இளைஞர் நம் ஊர்கள் தோறும் உள்ளனர். அவர்கள் அவசரப்பட்டு வாங்கினால் கடன் தலைமேல் ஏறும். வாங்கவேண்டிய வேளையில் வாங்காது விட்டாலோ தொழில் பிறர் கைக்குப் போகும். இரு பக்கமும் இழப்பு உண்டாதலின், எடைபோட்டுப் பார்க்கும் முறையை அறிந்திருத்தல் நன்று.

முதலில், முழுச்சட்டகம் என்பது யாது? ஜேர்மனி நாட்டில் லைற்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஒஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாவுக்கெனச் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் படச்சுருளில் நிலைப்படம் எடுக்கவல்ல சிறிய கமரா ஒன்றை அமைத்தார். லைக்கா என்னும் பெயர்பெற்ற அக்கமரா, 1925ஆம் ஆண்டில் லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில் மக்கள் பார்வைக்கு வந்தது. அதில் விழும் ஒவ்வொரு படமும் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அந்த அளவே உலகெங்கும் வழக்காயிற்று. படச்சுருளின் இடத்தை ஒளியுணர் தகடு பிடித்துக்கொண்ட பின்னரும், அந்தப் பழைய அளவுக்குச் சமமான தகட்டையுடைய கமராவை முழுச்சட்டகக் கமரா என்கிறோம்.

இலக்கமுறைக் கமரா பிறந்தபோது அந்த அளவு எட்டாக் கனியாகவே இருந்தது. 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதற் கருவி, குறுக்கே 100, நெடுக்கே 100 என்ற அளவில் பதினாயிரம் படப்புள்ளிகளையே பதிவு செய்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுதி முடிக்க அதற்கு 23 செக்கன்கள் பிடித்தன. பிற்காலத்தில் தகடுகள் சிறந்தனவாயினும், பெரிய தகடு செய்வது செலவு மிக்கதாகவே இருந்தது. சிலிக்கன் வட்டில் ஒன்றிலிருந்து சிறு தகடுகள் பல வெட்டலாம். பெரிய தகடுகள் சிலவே வெட்டலாம். அன்றியும், வட்டிலில் எங்கேனும் ஒரு சிறு குறை இருப்பின், பெரிய தகட்டில் அது அகப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆதலால் 2002ஆம் ஆண்டிலேதான் முழுச்சட்டக ஒற்றைவில்லைக் கமராக்கள் சந்தைக்கு வந்தன. 2005ஆம் ஆண்டில் கனன் நிறுவனம் 3,299 அமெரிக்க டொலர் விலையில் 5டி என்னும் கமராவை வெளியிட்டபோது, சாதாரணத் தொழிலாளரும் அதனை நினைத்துப்பார்க்கலாம் என்ற நிலை பிறந்தது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் வழித்தோன்றலாகிய 5டி மார்க் 2, 2,699 டொலருக்கு விற்கப்பட்டது. இந்த 5டி மார்க் 2 கமராவையே நமது ஆய்வுக்குப் பழைய கமராவாக எடுத்துக்கொள்வோம். புதியதாக, அதே நிறுவனம் 2020ஆம் ஆண்டில் 2,499 டொலருக்கு வெளியிட்ட ஆர்6 கமராவை வைத்துக்கொள்வோம். பிற நிறுவனங்களின் கமராக்களை வைத்திருப்போரும் இதே வழியிற் சிந்திக்கலாம்.

பெரிய தகட்டினால் வரும் நன்மை யாது? மழை பெய்யும்போது தாழ்வாரத்தின் கீழே ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். மழை ஒன்றேயாயினும் அகன்ற வாயுடைய அண்டாவிலேயே நீர் மிகுதியாகச் சேரும். ஒளியும் அவ்வாறே துளித்துளியாக வந்து விழுவது. முழுச்சட்டகத் தகட்டின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். அதற்கு அடுத்த சிறிய வகைக் கமராக்களின் தகடு ஏறத்தாழ 330 முதல் 370 சதுர மில்லிமீற்றர் வரையிலானது. எனவே முழுச்சட்டகம் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்வரை அதிகமான ஒளியைப் பெறுகிறது.

ஒளி குறைந்தால் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் முழுவதும் கருவியின் குறையன்று. ஒளியின் இயல்பிலேயே அது உள்ளது. ஓரிடத்தில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழுமாயின், அத்தொகை ஏறத்தாழ 10 கூடியும் குறைந்தும் தடுமாறும். அதாவது நூற்றுக்குப் பத்துத் தடுமாற்றம். 10,000 துகள்கள் விழுமாயின் தடுமாற்றம் 100, நூற்றுக்கு ஒன்றுதான். ஒளி மிகுதியாகச் சேரச்சேரப் படம் தெளிவாவதன் இரகசியம் இதுவே. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் விளம்பரங்களிற் பாதி தாமாகவே அடங்கிவிடும். ஏனெனில், வந்து சேராத ஒளியை எந்தப் புதிய தகடும் எண்ணிக் காட்ட முடியாது. 5டி மார்க் 2இன் சாதாரண ஒளியுணர்ச்சி எல்லை ஐ.எஸ்.ஓ. 6,400, ஆர்6இன் எல்லை 102,400. எண்ணைப் பார்த்தால் 16 மடங்கு. ஆனால் இரண்டின் தகடுகளும் ஒரே பரப்புடையன. புதிய தகடு தன்னுடைய சொந்த இரைச்சலைக் குறைத்திருக்கிறது; படத்தின் இருண்ட பகுதிகளைப் பின்னர் வெளிச்சமாக்கும்போது பழையதில் தோன்றிய கோடுகள் புதியதில் பெரிதும் மறைந்துள்ளன. நன்மை உண்டு, ஐயமில்லை. அது 16 மடங்கு நன்மை என்று மட்டும் கொள்ளற்க.

அடுத்ததாக, பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் கணக்கைப் பார்ப்போம். 5டி மார்க் 2 தருவது 2 கோடியே 11 இலட்சம் புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், அது ஏறத்தாழ 18.7 அங்குல அகலமும் 12.5 அங்குல உயரமும் உள்ள படமாகும். திருமணப் படத்தொகுப்பில் 18 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமான முழுப்பக்கத்தை அது குறைவின்றி நிரப்பும். ஆர்6 தருவதோ 2 கோடியே 1 இலட்சம். அதாவது பன்னிரண்டு ஆண்டு இளையதாகிய அக்கமராவின் புள்ளித்தொகை, பழையதைவிடச் சிறிது குறைவு! கனனின் மற்றொரு கமராவாகிய ஆர்5, 4 கோடியே 50 இலட்சம் புள்ளி தருகிறது. தொகை இரு மடங்குக்கு மேல் ஆனபோதும், அச்சிடக்கூடிய அகலம் 18.7 அங்குலத்திலிருந்து 27.3 அங்குலத்துக்கே உயர்கிறது. புள்ளிகள் நீளத்திலும் உயரத்திலும் பரவவேண்டியிருப்பதே காரணம். படத்தின் அகலத்தை இரு மடங்காக்க வேண்டுமாயின் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும். படங்களைத் தொலைபேசித் திரையிலும் தொலைக்காட்சியிலும் மட்டும் பார்ப்போருக்கு இதுவும் வேண்டியதில்லை. 4கே எனப்படும் தொலைக்காட்சித் திரை முழுவதிலும் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 83 இலட்சமே.

பழையது என்பதனால் ஒரு கமரா திறமற்றதாகிவிடுவதில்லை என்பதற்கும் இந்த 5டி மார்க் 2 சான்று. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி பராக் ஒபாமாவின் அதிகாரபூர்வ உருவப்படத்தைப் பீற் சூசா என்னும் படப்பிடிப்பாளர் இக்கமராவினாலேயே எடுத்தார். இலக்கமுறைக் கமராவினால் எடுக்கப்பட்ட முதலாவது அமெரிக்க ஜனாதிபதி உருவப்படம் அதுவே. 2010ஆம் ஆண்டில் ஹவுஸ் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிக் கதை முழுவதும் இதனாலேயே படமாக்கப்பட்டது. அன்று அவர்களுக்கு உதவிய தகடும் வில்லையும் இன்று திறன் குன்றிவிடவில்லை. நம்மிடம் உள்ள கமராவுக்கும் அது பொருந்தும்.

அங்ஙனமாயின் புதிய கமராக்களில் ஒரு சிறப்பும் இல்லையோ எனில், உண்டு. ஆனால் அது விளம்பரத்தின் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. மூன்றினைச் சொல்லலாம்.

முதலாவது, குவியம் கண்டறியும் திறன். பழைய ஒற்றைவில்லைக் கமராவில் உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. அது ஒளியின் ஒரு பகுதியைத் தனியான ஒரு குவியக் கருவிக்கு அனுப்பும். 5டி மார்க் 2இல் அதற்கு ஒன்பது குவியப் புள்ளிகளே உள. அவற்றுள் நடுப்புள்ளி ஒன்றே மங்கிய ஒளியில் முழுமையாக நம்பத்தக்கது. 2012ஆம் ஆண்டில் வந்த மார்க் 3இல் அவை 61 ஆயின. கண்ணாடியில்லாத ஆர்6இலோ, படம் பதியும் தகடே குவியத்தையும் கண்டறிகிறது. மனித முகத்தையும், முகத்திற் கண்ணையும் தானே இனங்கண்டு தொடர்ந்து செல்கிறது.

இரண்டாவது, கையின் நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறி. ஆர்6இல் ஒளியுணர் தகடே நகர்ந்து நடுக்கத்தைச் சமன்செய்கிறது. எந்த வில்லையைப் பூட்டினும் இந்த உதவி கிடைக்கும்.

மூன்றாவது, இரண்டு நினைவட்டைகள். 5டி மார்க் 2இல் ஓர் அட்டைக்கே இடமுண்டு. அவ்வட்டை பழுதானால் அன்றைய படங்கள் யாவும் போயின. ஆர்6இலும், அதற்கு முந்திய 5டி மார்க் 3இலும், ஒரே படத்தை இரண்டு அட்டைகளில் ஒருங்கே எழுதச் செய்யலாம். பூந்தோட்டத்தைப் படமெடுப்பவருக்கு இது பெரிதன்று. நாளையும் பூ மலரும். தாலி கட்டும் நேரத்தைப் படமெடுப்பவருக்கோ இது தலையாயது. அந்த நேரம் மறுமுறை வாராது.

இனி, இவ்வறிவை நடைமுறையிற் பொருத்திப் பார்ப்போம். என்னிடம் கல்விகற்ற மாணவர் ஒருவர், இன்று திருமணப் படப்பிடிப்பாளராக வாழ்க்கை நடத்துபவர், சில ஆண்டுகளின்முன் ஆலோசனை கேட்டு வந்தார். அவரிடம் இருந்தது பாவித்த 5டி மார்க் 2 ஒன்றும், எஃப் 4 துவாரமுடைய சாதாரண வில்லை ஒன்றும். “சேர், இந்தக் கமராவால் இருட்டில் ஒன்றும் செய்யமுடியவில்லை. அம்மாவின் நகையை அடகுவைத்தாவது ஆர்6 எடுக்கப்போகிறேன்” என்றார்.

“தம்பி, நீர் எடுத்த படங்களில் எவை பிழைத்துப்போயின என்று பார்த்தீரா?” என்று கேட்டேன்.

“பிழைத்தவற்றை அன்றன்றே அழித்துவிடுவேன்” என்றார்.

பிழைத்த படங்களை அழிப்பவன், நோயாளியின் குறிப்பேட்டைக் கிழித்தெறியும் வைத்தியனை ஒப்பான். வரும் ஐந்து விழாக்களில் ஒரு படத்தையும் அழிக்காமல் வைத்து, பிழைத்தவற்றை நான்கு குவியலாகப் பிரித்து வருமாறு சொன்னேன். அந்த நான்கினையும் நேயர்களுக்கும் கூறிவிடுகின்றேன்.

படத்தில் ஆளும் சுவரும் தூணும் யாவும் ஒரே திசையில் கலங்கியிருந்தால், அது கை நடுங்கியதால் வந்த குறை. அது முதற்குவியல். சுவரும் தூணும் கூர்மையாய் இருக்க, நடந்து வரும் ஆள் மட்டும் கலங்கியிருந்தால், அது ஆளின் அசைவினால் வந்த குறை. அது இரண்டாவது. மணமகளின் முகம் மங்கி, பின்னாலிருக்கும் குத்துவிளக்கு கூர்மையாய் இருந்தால், அது குவியம் தவறியது. அது மூன்றாவது. யாவும் கூர்மையாயிருந்தும் படம் பார்க்கச் சகிக்கவில்லையெனின், அது எடுத்தவர் நின்ற இடமோ, நேரமோ, வெளிச்சமோ தவறியது. அது நான்காவது.

இக்குவியல்கள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கைநடுக்கத்துக்குப் புதிய கமராவின் பொறி உதவும். மும்மூலைத் தாங்கியும் உதவும். விரைவான ஷட்டரும் உதவும். ஆளின் அசைவுக்கோ அந்தப் பொறி சிறிதும் உதவாது. கமராவை அசையாமல் பிடித்தால் நடக்கும் மணமகள் நின்றுவிடுவாளா? அதற்கு வேண்டுவது மிகுந்த ஒளியும் விரைந்த ஷட்டருமே. குவியம் தவறுவதற்குப் புதிய கமரா உண்மையான மருந்து. நான்காவது குவியலுக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை அங்கேதான் பொருந்தும்.

அம்மாணவர் பிரித்துக் கொண்டுவந்த படங்களில் முதலிரு குவியல்களுமே பெரியனவாயிருந்தன. இரண்டுக்கும் அடிப்படை, ஒளி போதாமை. அதன் காரணத்தைத் தேடினால் அவருடைய வில்லையில் வந்து நின்றது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வில்லையின் துவாரம் பெரிதாகும். எஃப் 4இலிருந்து எஃப் 1.8க்கு மாறினால் உட்புகும் ஒளி ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு செக்கனில் 30இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கவேண்டிய ஷட்டர், 150இல் ஒரு பங்கு நேரம் திறந்தாற் போதும். சிறு தகட்டிலிருந்து முழுச்சட்டகத்துக்கு மாறும்போது கிடைப்பது இரண்டரை மடங்கு என்று முன்னர் கண்டோம்; இங்கு வில்லை ஒன்றை மாற்றுவதனால் அதன் இரு மடங்கு கிடைக்கிறது. 2015ஆம் ஆண்டில் கனன் வெளியிட்ட 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையின் விலை அப்போது 125 டொலர். ஆர்6இன் விலையில் இருபதில் ஒரு பங்கு! நகை அடகுக்குப் போகாமலே அவர் அதனை வாங்கினார். கூரையில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் பிளாஷ் விளக்கு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. துவாரம் பெரிதானால் கூர்மையாய்த் தோன்றும் ஆழம் குறையும். எஃப் 1.8இல் கண் கூர்மையாயிருக்கக் காது மங்கும். ஆகவே குவியம் அணுவளவு தவறினும் அது வெளிப்பட்டுவிடும். மாணவரின் முதலிரு குவியல்களும் சுருங்கின. மூன்றாவது குவியல் வளர்ந்தது. நடுக்குவியப் புள்ளியையே பயன்படுத்தியும், கூட்டமாய் நிற்போரை எடுக்கும்போது துவாரத்தைச் சிறிது சுருக்கியும் அவர் அதிலும் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். ஆயினும் மங்கிய மண்டபத்தில், படத்தின் ஓரமாக நடந்துவரும் ஆளைப் பிடிப்பது அந்த ஒன்பது புள்ளிக் கமராவுக்கு இயலாததாகவே இருந்தது. ஒற்றை அட்டை என்ற அச்சமும் தீரவில்லை. இப்பொழுது அவர் வாங்கவேண்டியது இன்னதென்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஓராண்டு உழைத்துச் சேமித்த பணத்தில் பாவித்த 5டி மார்க் 3 ஒன்றை வாங்கினார். 61 குவியப் புள்ளிகளும் இரண்டு அட்டைகளும் அதில் இருந்தன. பழைய வில்லைகள் யாவும் அப்படியே பொருந்தின. தாயாரின் நகை கடைக்குப் போகவில்லை.

பணத்தின் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. 2,499 டொலர் என்பது அப்போது ஏறத்தாழ 5 இலட்சம் ரூபா. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரூபா வீழ்ந்தது. 2024ஆம் ஆண்டில் டொலர் ஏறத்தாழ 300 ரூபாவாக நின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆர்6 மார்க் 2 கமராவுக்கும் நிறுவனம் குறித்த விலை அதே 2,499 டொலரே. நமக்கோ அது ஏறத்தாழ ஏழரை இலட்சம் ரூபாவாயிற்று. இறக்குமதி வரியும் வணிகர் இலாபமும் இதற்குப் புறம்பு. ஏழரை இலட்சத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால், வட்டியை விட்டுவிட்டாலும், மாதத்துக்கு 12,500 ரூபா வருகிறது. மாதத்தில் இரண்டு விழா எடுப்பவருக்கு, விழா ஒன்றுக்கு 6,250 ரூபா கமராவுக்கே போய்விடும். புதிய கமரா வந்ததனால் வாடிக்கையாளர் அந்தத் தொகையைக் கூட்டித் தருவாரா? அல்லது அதனால் விழாக்களின் எண்ணிக்கை கூடுமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடைகூற முடியாதவர், கடன்பட்டு வாங்குதல் தகாது.

கமராவின் விலையோடு செலவு முடிந்துவிடுவதுமில்லை. பழைய அட்டைகள் புதியதில் நுழையா; 5டி மார்க் 2க்கும் ஆர்6க்கும் அட்டையின் வகையே வேறு. கமரா தரும் கச்சாக் கோப்பின் அமைப்பும் மாறியிருத்தலின், பழைய மென்பொருள் அதனைத் திறவாது. புதிய மென்பொருள் வேண்டின், சிலவேளை புதிய கணினியும் வேண்டும். வில்லைகளின் மட்டில் ஓர் ஆறுதல் உண்டு. 1987ஆம் ஆண்டில் கனன் தொடங்கிய வில்லை வரிசையை, இணைப்பு வளையம் ஒன்றின் உதவியால் ஆர்6இலும் பூட்டலாம். இதிலிருந்து ஒரு பாடமும் பெறலாம்: கமராவின் உடல் சில ஆண்டுகளில் விலை இழக்கிறது, நல்ல வில்லை ஒரு தலைமுறை கடந்தும் உழைக்கிறது. செலவிட வேண்டிய பணம் சிறிதாயின், வில்லைக்கே முதலிடம் கொடுக்கவேண்டும்.

தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர், ஒரு செயலில் அழிவது எது, ஆவது எது, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எது என்று மூன்றையும் எண்ணிச் செய்க என்கிறார். கமரா வாங்குவோர் பெரும்பாலும் நடுவிலுள்ள ஒன்றையே எண்ணுகின்றனர். அழிவதில் அட்டையும் மென்பொருளும் வட்டியும் அடங்கும் என்பதை மறக்கின்றனர். பின்வரும் ஊதியத்தையோ நினைப்பதேயில்லை.

எனினும், வாங்குவதே சரியான வேளைகளும் உண்டு. கமராவின் ஷட்டர் தன் ஆயுளை நெருங்கியிருந்தால் தயங்கலாகாது. 5டி மார்க் 2இன் ஷட்டர் 150,000 முறை இயங்கும் என்ற மதிப்பீட்டோடு செய்யப்பட்டது. வாரந்தோறும் விழா எடுப்பவர் அதனைச் சில ஆண்டுகளிலேயே எட்டிவிடுவார். உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிதாகி, திருத்துவோரும் கைவிரித்தால், அதுவும் ஒரு காரணம். ஒற்றை அட்டையோடு பிறருடைய மீளாத நிகழ்ச்சிகளைப் பொறுப்பேற்பதும் காரணமே. விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்தையோ, மைதானத்தில் ஓடும் பிள்ளைகளையோ எடுப்பவர், தம் பிழைத்த படங்களைப் பிரித்து மூன்றாவது குவியலே மலையாய் நிற்கக் கண்டால், அவருக்குப் புதிய கமரா ஆடம்பரமன்று, தொழிற் கருவி. அவரும் வாங்குமுன் நண்பரிடம் இரவலாகவோ வாடகைக்கோ அக்கமராவை ஒரு நாளுக்குப் பெற்று, தாம் வழக்கமாகப் படமெடுக்கும் அதே மண்டபத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தல் நலம். மூன்றாவது குவியல் குறைந்தால் வாங்கட்டும். குறையாவிடின் பணம் தப்பியது.

பொழுதுபோக்காகப் படமெடுப்போருக்கும் ஒரு சொல். பிரெஞ்சு நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த படப்பிடிப்பாளருள் ஒருவர். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய லைக்கா கமராவோடும் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றோடுமே கழித்தார். கருவி கைக்குப் பழகிப்போனமையால் கண் முழுவதும் காட்சியிலேயே இருந்தது. ஆசைக்காக ஒன்றை வாங்குவது குற்றமாகாது. கையிருப்புப் பணத்தில், கடனின்றி வாங்குபவரை நாம் தடுக்கவேண்டியதில்லை. ஆனால் அதனைத் தேவை என்று பெயர்மாற்றி, வீட்டாரின் உணவிலும் பிள்ளைகளின் படிப்பிலும் கைவைத்தல் தகாது.

நேயர்களே, புதிய கமராவின் சிறப்புகளைப் படித்து, அவை நமக்கு வேண்டுமா என்று கேட்பது தலைகீழான வழி. அவ்வாறு கேட்டால் எல்லாம் வேண்டும் என்றே மனம் சொல்லும். நமது பிழைத்த படங்களை முன்னே வைத்து, இவை ஏன் பிழைத்தன என்று கேட்பதே நேரான வழி. கை பிழைத்ததா, ஒளி பிழைத்ததா, குவியம் பிழைத்ததா, கண் பிழைத்ததா என்பதற்கு அப்படங்களே விடை சொல்லும். கமராதான் பிழைத்தது என்று அவை சொன்னால், கணக்குப் பார்த்து, தக்கதை வாங்குங்கள். வேறு விடை வருமாயின், பழைய கமராவைத் துடைத்து, மின்கலத்தை ஏற்றி, அடுத்த படத்தை எடுக்கப் புறப்படுங்கள்.